ஏஸ் ஜோடி வந்தால் பதுங்குகிறவர்

என் வீட்டுக்காரர் லேத் ஓட்டுகிறவர். இரும்புத் தண்டை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பார். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் ஒரு வாரம் யோசிப்பார். வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து எனக்கு வாய்.

என் தம்பிக்கு அந்தப் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அவன் முதலாளிக்குக் கூழைக்கும்பிடு போட்டு மேஸ்திரியானான். ஆன கையோடு இவரை லேத்திலிருந்து இறக்கி, கடையும்போது விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டவிட்டான். வாடிக்கையாளர் வந்தால் எல்லோர் முன்னாலும், "மாமா, ஓடிப்போய் டீ வாங்கிட்டு வாங்க" என்பான். இவரும் போவார். கூடப்பிறந்தவனாவது மண்ணாங்கட்டியாவது, அவன் கையால் இவருக்கு டீ வந்தே ஆகவேண்டும் என்று கறுவிக்கொண்டேன்.

அதற்கு வழி எங்கள் கூடத்திலேயே இருந்தது. விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பி உட்பட பட்டறை ஆட்கள் எங்கள் வீட்டில் போக்கர் சீட்டு ஆடுவார்கள். சில்லறைக் காசு ஆட்டம், காசுக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லைகள். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கிடக்கும். மேசையில் ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கும். கைச்சீட்டோடு மேசைச் சீட்டும் சேர்ந்து யாருக்குப் பெரிய சேர்க்கை அமைகிறதோ அவருக்கே பந்தயம். ஒவ்வொரு படியிலும் கையிலிருப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். யாருடைய வில்லைகள் முதலில் தீருகின்றனவோ அவர் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டு, தன் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது அந்த மேசையின் சட்டம். பெரும்பாலும் போட்டது இவர்தான்.

பின்னால் நின்று பார்த்ததில் கோளாறு எனக்குப் புரிந்தது. ஏஸ் ஜோடி, அதாவது இருப்பதிலேயே பெரிய சீட்டு இரண்டு, வந்தால் இவர் பதுங்குவார். பெரிதாகக் கட்டினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள், நல்ல சீட்டு வீணாகிவிடும் என்று பயம். பேருக்கு இரண்டு வில்லை போடுவார். அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? அத்தனை பேரும் குப்பைச் சீட்டோடு உள்ளே வருவார்கள், ஒருவனுக்காவது மேசைச் சீட்டோடு ஏஸை வெல்கிற மாதிரி ஏதாவது சேர்ந்துவிடும். "ஏஸுக்கும் மாமாவுக்கும் ஆகாது" என்று தம்பி கெக்கலிப்பான்.

ஒரு நாள் இவரை உட்காரவைத்தேன்.

"பெரிய ஜோடி வந்தா முதல்லயே பலமா கட்டுங்க. மத்தவங்க போனா போகட்டும். என் தம்பி போகமாட்டான். சின்ன வயசுல இருந்தே, போடான்னு சொன்னா அங்கேயேதான் நிப்பான்."

எப்போதும் அடங்கி ஆடுகிற ஆள் திடீரென்று பந்தயத்தை ஏற்றினால் அவனிடம் பெரிய சீட்டு, உங்களிடம் ராஜா ஜோடி இருந்தாலும் கீழே போட்டுவிடுங்கள், உங்கள்மேல் அதே சந்தேகம் வராமலிருக்கக் கோபத்தில் கட்டுவதுபோல் கட்டுங்கள் என்றும் சொன்னேன். இவருக்கு நடிக்க வராதே என்று கவலையாக இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் தம்பி இவரைத் தன் வண்டியைத் துடைக்கச் சொல்லியிருந்தான். நடிப்பு தேவைப்படவில்லை.

அடுத்த ஆட்டத்தில் இவருக்கு ஏஸ் ஜோடி வந்தது. தம்பி கட்டியதைப்போல் நாலு மடங்கை இவர் மேசை அதிர வைத்தார். மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டார்கள். "மாமாவுக்குக் கோவம் போல" என்று சிரித்தபடி தம்பி ஈடு கொடுத்தான். ராணி, ஏழு, இரண்டு திறந்தன. இவர் மறுபடி பெரிதாகக் கட்டினார். அவன் விடவில்லை. நாலு விழுந்ததும் மிச்சமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அவனும் கையிலிருந்த கடைசி வில்லைவரை வைத்தான். ஒன்பது விழுந்தது. தம்பி ராணியையும் பத்தையும் காட்டினான், மேசையிலிருந்த ராணியோடு ராணி ஜோடி. இவர் தன் இரண்டு ஏஸையும் மெதுவாகத் திருப்பினார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

சட்டம் சட்டம்தான். தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். பாலை ஏற்றிவிட்டு, டீத்தூள் எங்கே என்று என்னைக் கேட்டான். டப்பா என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மாமாவைக் கேளு" என்றேன்.

என்னையே பார்த்தான். பிறகு கூடத்துக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும், தணிந்த குரலில் கேட்டான். இவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"தேடிப் பாரு மாப்ள. கிடைக்கும்."

அவன் திரும்பி வந்து தேடினான். நான் நகரவில்லை.