மருதனார்மடத்து வீட்டை விற்கப் போனேன்

நோர்வேயின் பேர்கன் நகர முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் இங்ரிட், வெள்ளிக்கிழமை என்றால் பறப்பாள். மலையில் அவர்களுக்கு ஒரு ‘ஹித்தே’ இருக்கிறது. விடுமுறைக்கு மட்டும் போய்த் தங்கும் மரவீடு. மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும். யாழ்ப்பாணத்தில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்றேன். “உன்னுடைய ஹித்தேயா?” என்று கேட்டாள். இல்லை, வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். “அப்படியென்றால் நீ போகும்போது அவர்கள் எங்கே போவார்கள்?” அவள் உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். நான் போனால் லொட்ஜில் தங்குவேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் உள்ள அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கலியாணம் முடித்து எட்டு மாதங்கள்தான் அதில் இருந்தேன். பிறகு நோர்வே. கடைசிப் பதினேழு வருடங்களாக யோகராசா அண்ணையும் அவர் மனைவி திலகமும் அங்கே இருந்தார்கள். இருவரும் மயிலிட்டியில் கடற்தொழில் செய்த குடும்பத்தவர்கள். சண்டையில் ஊரைவிட்டு வந்தவர்கள். போன கோடையில், அவர்களை அங்கிருந்து எழுப்பிவிட்டு வீட்டை விற்கத்தான் தனியாகப் போனேன். வாங்க ஒருவர் காத்திருந்தார். என் கணவர் அதைப் பேசி முடித்திருந்தார்.

திலகம் தேத்தண்ணி தந்தாள். எப்படித் தொடங்குவது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அண்ணையே சொன்னார்.

“நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு, தங்கச்சி. வாற கிழமை நாங்கள் எழும்பிறம்.”

“எங்கை அண்ணை?”

“எங்கடை காணிக்கு. ஆமிக்காரர் விட்டிட்டாங்கள்.”

அடுத்த நாள் காலை மயிலிட்டிக்குக் கூட்டிப்போனார்கள். கடற்கரையிலிருந்து பார்த்தால் எங்கும் பற்றைக்காடு. வீடு, மதில், வேலி, ஒழுங்கை எல்லாவற்றையும் இடித்து மட்டமாக்கியிருந்தார்கள். அதன் நடுவே, பாதி எழும்பிய புதுச் சுவர்களோடு தகரக் கூரை போட்ட ஒரு வீடு.

“இதுதான் உங்கடை இடமெண்டு எப்பிடித் தெரியும்?”

“முதல் நாள் ஒண்டும் தெரியேல்லை. பிறகு, முந்தி வள்ளம் இழுக்கிற கல்லடியிலை போய் நிண்டன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தன். சின்னனிலையிருந்து அதாலைதானே வீட்டை வாறனான். காலுக்குத் தெரியும்.”

“இவருக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன், அக்கா,” என்றாள் திலகம். “ஒரு பற்றைக்குள்ளை போய் நிண்டு, ‘இதிலை வெட்டு’ எண்டார். ஒரு முழம் வெட்டேல்லை, குசினித் தரை வந்திட்டுது.”

அந்தச் சமையலறைத் தரையை அப்படியே வைத்து வீட்டைக் கட்டியிருந்தார்கள். சிவப்புச் சீமெந்து, அங்கங்கே வெடிப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காணாத வீட்டை, சுவர் ஒன்றுகூட மிஞ்சாத வீட்டை, ஒரு மனிதனின் கால்கள் மறக்காமல் வைத்திருந்திருக்கின்றன!

பின்னேரம் மருதனார்மடம் திரும்பியதும், ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டுக் கேற்றிலிருந்து நடந்து பார்த்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் தூணில் இடித்துக்கொண்டேன். திலகம் ஓடிவந்து பிடித்தாள். அவள் சிரிக்கவில்லை.

“வீட்டை விக்கத்தான் வந்தனான், திலகம்,” என்றேன்.

“தெரியும் அக்கா. உங்கடை வீடு, நீங்கள் வித்தா நான் என்ன சொல்லிறது? ஆனா எனக்கு அம்மா வீடெண்டு இப்ப இருக்கிறது இதுதான். என்ரை பிள்ளையள் இதிலைதானே தவழ்ந்ததுகள்.”

அடுத்த கிழமை மயிலிட்டியில் பால் காய்ச்சினார்கள். தாய்வீட்டுக்காரி என்று என்னைத்தான் முதல் விறகு வைக்கச் சொன்னாள் திலகம். பால் பொங்கி வழிந்தது. கைபேசி அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தேன்.

“நான் விக்கேல்லை,” என்றேன் கணவரிடம்.

அவர் கேட்டார்: “ஆருக்கெண்டு வைச்சிருக்கப்போறாய்?”

எனக்கும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “சரி. எப்ப வீட்டை வாறாய்?”

அதே நேரம் உள்ளேயிருந்து திலகம் கூப்பிட்டாள். “அக்கா, வெய்யிலுக்கை நிக்காமல் வீட்டுக்குள்ளை வாங்கோ.”

இரண்டு பேருக்கும் சேர்த்து “ஓம், வாறன்” என்றேன். என் பெயரில் உள்ள மருதனார்மடத்து வீடு அந்நேரம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கும் திறப்பு என் கைக்குள் இருந்தது.