லுக்சோர் வண்டும் நூற்றெட்டு மல்லாட்டையும்

எகிப்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் ஆசைப்பட்டதில்லை. அப்பா வேலை செய்த கிடங்கில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் குடும்பத்தோடு விடுமுறைக்கு, வகான்ஸ் என்று, எங்கேயாவது கூட்டிப்போவார்கள். முந்தின வருஷம் ஏதோ ஒரு கடற்கரை, மழையில் நனைந்துவிட்டு வந்தோம். அந்த வருஷம் லுக்சோர். நைல் ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கோயில்கள் இருக்கிற ஊர் என்று அப்பா சொன்னதும், "இடிஞ்ச கோயிலப் பாக்க ஏரோப்ளேன் ஏறணுமா?" என்று அம்மா கேட்டாள். ஆனாலும் பரண்மேல் இருந்த பெட்டியை முதலில் இறக்கித் துடைத்தது அம்மாதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸில் லா ஷப்பேல் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நாங்கள் நாலாவது மாடி, அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும் மூன்றாவது மாடி. உறவுக்காரர்களும் வரலாம் என்று கிடங்கில் சொன்னதால் அவர்களும் பெயர் கொடுத்தார்கள்.

சித்திக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்குமுன் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "என்னம்மா, இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்பார்கள். சித்தி சிரித்துக்கொண்டே பாயசத்தைப் பரிமாறப் போய்விடுவாள். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு வந்தவர். சாமி, வேண்டுதல் எதுவும் அவருக்கு ஆகாது. யாராவது சித்தியை அப்படிக் கேட்கும் நேரங்களில் மட்டும் அவருக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது அகப்பட்டுவிடும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் வழியில் கொறிக்க ஏதாவது வாங்க வேண்டும் என்று சித்தி என்னை ரூ காய் தெருவுக்கு அழைத்துப்போனாள். அப்போதுதான் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் அங்கே சின்னதாகக் கடை போட்டிருந்தார். சித்தி மல்லாட்டை கேட்டாள், வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர். அவர் விழித்தார். நான் மூட்டையைக் காட்டினேன்.

"ஓ, கச்சானோ? ஓம், வறுத்ததும் கிடக்கு. எங்கை பயணம், அக்கா?"

சித்தி சொன்னாள்.

"எகிப்துக்கோ? அங்கை எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"இருந்தாதான் போகணுமா அண்ணே?" என்றாள் சித்தி. அவர் சிரித்துவிட்டு இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

லுக்சோரில் இறங்கியதும் எங்களுக்கு முதலில் பிடித்துப்போனது வெயில். பாரிஸில் கோட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த உடம்பு அங்கே நிமிர்ந்தது. ஆறு எங்கள் ஊர் ஆறுகளைப் போல இல்லாமல் நிறையத் தண்ணீரோடு போனது. மறுநாள் கர்னாக் கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். வாசலைப் பார்த்ததுமே அம்மாவும் சித்தியும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நானும் கழற்றினேன். "இது ம்யூசே மாதிரிதான், இப்ப யாரும் கும்பிடறதில்ல, போட்டுக்கலாம்" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று ஜோடிச் செருப்பையும் அவரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா பளபளக்கும் பூட்ஸில் டக்டக்கென்று நடந்தார். பத்துப்பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். முதல் மண்டபத்தில் சிதம்பரம் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த அம்மா, மூன்றாவது மண்டபத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஒரு குளம். அதன் ஓரத்தில் உயரமான பீடத்தின்மேல் கல்லில் செய்த பெரிய வண்டு. எங்களை அழைத்துவந்த வழிகாட்டி அதைக் காட்டி, மூன்று சுற்றுச் சுற்றினால் அதிர்ஷ்டம், ஏழு சுற்றினால் கல்யாணம் என்று பிரெஞ்சில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

"பிள்ளைக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"உங்களால் முடிந்த அளவு, மதாம்" என்றார் அவர் விளையாட்டாக. நாற்பது நிமிஷத்தில் பஸ் கிளம்பும் என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

முடிந்த அளவு என்றால் சித்திக்கு நூற்றெட்டு. பையைத் திறந்து மல்லாட்டையை எண்ணி எடுத்து என் பாவாடை மடியில் கொட்டினாள். "ஒரு சுத்துக்கு ஒண்ணு எடுத்துப் பையில போடு. வாயில போட்டே, தொலைச்சுடுவேன்."

"சாணி உருட்டுற வண்டுடி அது" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். உருட்டுறதுக்கும் ஒரு சாமி வேணும்ல."

சித்தப்பாவோ வெளியே போய் சிகரெட் பிடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தி வலமாகச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரை முட்டினாள். "பர்தோன், பர்தோன்" என்று சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நான் பீடத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டேன்.

அப்போதுதான் எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் முன்னால் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும், சித்தி எண்ணிக் கொட்டிய மடியை நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன், கொட்டிவிடக் கூடாதே என்று. அவள் அதை நான் நீட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "மெர்சி, மா பெத்தித்" என்று நாலைந்தை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது ஆள் பேசினாலே அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறவள் நான். அவள் போய் இன்னொருத்தியிடம் சொல்ல, அவளும் வந்தாள். பிறகு ஒரு தாத்தா. இப்படி ஆறு பேர். தாத்தா உட்கார்ந்து உரித்தே சாப்பிட்டார்.

மடியில் இருந்த கடைசி மல்லாட்டையும் பைக்குப் போனபோது சித்தி முகமெல்லாம் வேர்வையோடு வண்டைப் பார்த்துக் கும்பிட்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. எங்களைக் கூப்பிட சித்தப்பா வந்தார். அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

சித்தி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை எடுத்தாங்கடி?"

"தெரியல சித்தி. தாத்தா மட்டும் கை நிறைய." பையில் போட்டதும் அங்கே ஏற்கெனவே இருந்த மல்லாட்டையோடு கலந்துபோயிருந்தது.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி எழுந்திருக்கவே இல்லை. குறைவாகச் சுற்றினால் சுற்றாததுக்குச் சமம் என்றாள். இந்த ஊருக்கு நாம் இன்னொரு தடவை வரப்போகிறோமா என்று கேட்டாள். அந்தக் கேள்வி சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டதுபோல இருந்தது.

சித்தப்பா வண்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சாக்ஸையும் கழற்றி உள்ளே திணித்தார். அவருடைய வெறும் பாதத்தை வீட்டுக்கு வெளியே நான் அன்றுதான் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது.

"முப்பது சுத்து. அதிகமா இருந்தாலும் பரவாயில்ல. வா" என்றார்.

சித்தி எழுந்தாள். ஒரு பக்கமாக ஒதுங்கி, "நீங்க முன்னால போங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தி சொன்னாள். குறை அவளிடம் இல்லை. டாக்டர் சொன்னது அவளுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். "அவரு வேண்டிக்க மாட்டாரு. அதான் அவருக்காக நான் சுத்தினேன். அவரே வந்தா நான் எதுக்கு முன்னால?" என்றாள். பிள்ளை கடைசிவரை பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு யாராவது சித்தியைக் கேட்டால், ஜன்னலைப் பார்க்காமல் சித்தப்பாவே பதில் சொல்லுவார். "எங்கிட்ட கேளுங்க. வண்டுகிட்ட சொல்லியிருக்கேன், அது இன்னும் யோசிக்குது" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? சித்தப்பா அணிவகுப்பில் போவதுபோல முன்னால் போனார், சித்தி புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். அப்பா மல்லாட்டை தின்ற தாத்தாவைத் தேடிப்போய் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். பாவம், அவர் திகைத்துப்போய் மற்றவர்களையும் கூட்டிவந்தார். ஆறு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை வலமாக, சித்திக்குப் பின்னால் சுற்றினார்கள். பாதி ஆட்கள் இங்கே இருக்கும்போது பஸ் எப்படிக் கிளம்பும்? டிரைவரே இறங்கி வந்து பார்த்தார். நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தமாக எண்ணினேன். பதினைந்துக்குமேல் வெள்ளைக்காரர்களும் பிரெஞ்சில் கூடவே எண்ணினார்கள். முப்பது வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் சித்தப்பாவும் சித்தியும் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் எட்டிப் பார்த்துக் கேட்டேன். "பிள்ளை சித்தி வயித்துலதான வரும்? சித்தப்பா ஏன் முன்னால சுத்தினாரு?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா சிரித்தார்.

"அவருக்குக் கால் நீளம்டி. சீக்கிரம் முடிஞ்சிடும்ல" என்றாள் சித்தி.

நான் சித்தப்பாவின் காலை எட்டிப் பார்த்தேன். முன் இருக்கையில் மடக்கி வைக்க இடமில்லாமல் நடைபாதை வரை நீட்டியிருந்தார். சரிதான் என்று பட்டது. பாரிஸ் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் வகான்ஸ் பற்றிச் சொல்லச் சொன்னபோது, லுக்சோரில் பிள்ளை வேண்டுமென்றால் நீளமான கால் உள்ளவர்தான் முன்னால் நடக்க வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். டீச்சர் நல்லது என்றாள்.