திருச்செல்வமும் ஒரு சருகுமானும்

"என் கண்ணுல பட்ட எந்த மிருகமும் அடுத்த ரவுண்டைப் பார்த்ததில்ல லா," என்று கிள்ளான் திருச்செல்வம் பிரிக்பீல்ட்ஸ் கார்டு விளையாட்டுக் கடையில் ஒருமுறை முழங்கினார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க எவரிடமும் மிருகம் மிச்சமில்லை.

வார நாட்களில் அவர் துறைமுக வாசலில் கண்டெய்னர் சரிபார்ப்பவர். ஞாயிறு மதியம் மந்திரவாதி. விளையாட்டில் பிறர் டிராகன் அட்டையும் பூத அட்டையும் வைத்துப் படை வளர்க்க, இவருடைய அட்டைக்கட்டு முழுக்க ஒழிப்பு மந்திரங்கள்: எரிப்பது, மூழ்கடிப்பது, இடி இறக்குவது. சொந்தப் படை என்று ஒரே ஒரு கிழட்டு ஆமை. எதிரியின் பக்கம் சுடுகாடானதும் அது நிதானமாகப் போய்க் கடிக்கும்.

ஒழிப்பதிலும் ஒழுங்கு உண்டு. எண்ணை உரக்கப் படிக்காமல் எந்த லோரியையும் வாசலில் விடாத மனிதர், மிருகத்தின் அட்டையையும் அடிவரி வரை உரக்கப் படித்த பிறகே மந்திரம் போடுவார். "சாகப் போறது யாருன்னு தெரிய வேணாமா?"

கடைச் சுவரில் ஆண்டு வெற்றியாளர் பலகை. அதில் தன் பெயர் ஏற வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மூன்று இறுதியாட்டங்களை ஓவர்டைம், மச்சினி கல்யாணம், டெங்கி ஆகியவை பறித்துக்கொண்டன. இந்த ஆண்டு தப்பாமல் வந்துவிட்டார்.

மேசைக்கு எதிரே, பந்திங் ஊர் மருந்துக்கடையில் வேலை செய்யும் குமுதா. இருவருக்கும் ஒரு புள்ளி உயிர்தான் மிச்சம். ஆமை கடித்த களைப்பில் படுத்திருந்தது. எழ ஒரு சுற்று ஆகும். குமுதாவிடம் இருந்தது ஒரு சருகுமான் மட்டும். அதை இப்போதே ஒழித்தால் பலகை அவருடையது. அவர் கையில் கடைசி இடி மந்திரம்.

"முடிச்சிடுங்கண்ணே, பஸ்ஸப் பிடிக்கணும்," என்று குமுதா, செத்ததாகவே நினைத்து, சருகுமானை எடுக்கப் போனாள்.

"இரும்மா. இன்னும் படிக்கல."

படித்தார். அடிவரியில் குரல் நின்றது.

"என்ன பாஸ், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் கடைக்காரர் முகுந்தன்.

திருச்செல்வம் பலகையைப் பார்த்தார். பிறகு முன்பைவிட உரக்கப் படித்தார்: "இதன்மேல் ஏவப்படும் முதல் மந்திரம் செல்லாது."

குமுதா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "நானே மறந்துட்டேன். நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்லண்ணே."

"கேட்டுக்கு வந்த லோரி, நம்பர் படிச்சுத்தான் ஆகணும்."

இடி மந்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த சுற்றில் சருகுமான் வந்து கடித்தது; அவருடைய கடைசிப் புள்ளியும் போனது. முகுந்தன் பலகையில் குமுதாவின் பெயரை எழுத ஏணி தேடிக்கொண்டிருந்தபோது, திருச்செல்வம் அந்தச் சருகுமான் அட்டையைக் கைக்குட்டையால் துடைத்து, மடங்காமல் உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.