மாமியாருக்கு நான் வைத்த எண்பத்தாறாம் லெவல்

மனிதர்களை ஒரே ஒரு கல்லில் தோற்க வைப்பது என் உத்தியோகம். மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், போனில் ஆடுகிற சின்னச் சின்ன விளையாட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பூ எங்கே விழ வேண்டும், எந்தக் கல் எத்தனை அடிக்கு உடைய வேண்டும் என்று நான் தீர்மானிக்கிறேன். ஆடுகிறவர் கடைசி நகர்த்தல்வரை வந்து, ஒரே ஒரு கல் பாக்கி இருக்கும்போது தோற்க வேண்டும். பத்துக் கல் பாக்கி என்றால் மனிதர் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஒரு கல் என்றால் வயிறு எரியும். வயிறு எரிந்தால் மறுபடி ஆடுவார். இந்தப் புண்ணிய காரியத்துக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள், மத்தியானம் சாப்பாடும் போடுகிறார்கள்.

ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவள் வீட்டிலே நிம்மதியாக இருந்துவிட முடியுமா? எங்கள் வீட்டில் என் மாமியார் இருக்கிறார்.

வலியசாலையில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. குழம்பில் உப்பு குறைந்தால்கூட "விளக்கம் கேட்கப்படுகிறது" என்கிற முகத்தோடு பார்ப்பார். அவர் போனில் எங்கள் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். வெளியிடுவதற்கு முன்னால் எல்லோரும் வீட்டில் இருப்பவர்களை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும், அவர்களைவிட நேர்மையான விமர்சகர்கள் கிடைக்கமாட்டார்கள் என்று எங்கள் மேனேஜர் உத்தரவு போட்டார். மேனேஜருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னார்.

ஆட்டம் எளிது. ஒரே மாதிரிப் பூக்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் அவை மறையும். பக்கத்தில் இருக்கிற கல்லில் விரிசல் விழும். கொடுத்திருக்கிற நகர்த்தல்களுக்குள் எல்லாக் கல்லும் உடைந்தால் ஜெயம். பூக்களெல்லாம் வெளிநாட்டுப் பூக்கள். என் மாமியார் முதல் நாளே அவற்றுக்கு அரளி, தெற்றி, நந்தியாவட்டை, கோளாம்பி என்று பேர் வைத்துக் குடியுரிமை கொடுத்துவிட்டார். பேர் வைத்த வேகத்தில் லெவல்களைத் தாண்டினார். அடுத்த வாரம் சென்னையில் இருக்கும் அவர் தங்கையையும் சேர்த்துவிட்டேன். அங்கே பிடித்தது சனி.

ஆட்டத்தில் ஒரு தோட்டத்துப் பாதை வரும். யார் எந்த லெவலில் நிற்கிறார்களோ அங்கே அவர்கள் முகம் வட்டமாகத் தெரியும். தெரிந்தவர் முன்னால் நிற்பதைப் பார்த்தால் நமக்கும் ஓடத் தோன்றும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒருநாள் காலை என் மாமியாரின் முகம் எண்பத்தாறில் நிற்க, தங்கையின் முகம் அதைத் தாண்டிப் புல்வெளியில் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே சென்னையிலிருந்து போனும் வந்தது. எண்பத்தாறெல்லாம் ஒரு விஷயமே இல்லை அக்கா, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன், நவராத்திரிக்கு வரும்போது உனக்கும் சொல்லித் தருகிறேன் என்றாராம். சொல்லித் தருகிறாளாம்! எஸ்.எஸ்.எல்.சி.யில் தங்கைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து ஒப்பேற்றிவிட்டவர் என் மாமியார். அவர் போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"அவ இந்தாத்துப் படி ஏறறதுக்குள்ள நான் எண்பத்தாறைத் தாண்டியாகணும். கேட்டியா?"

கேட்டேன். கேட்காமல் எங்கே போவது? எண்பத்தாறு என் கைவேலை. மொத்தம் நாலு கல், அதில் ஒன்று மூலையில், அதன் பக்கத்தில் பூ விழவே விழாத ஒரு சந்து. அந்தச் சந்துக்காக ஆபீசில் எனக்குக் கைதட்டினார்கள். வீட்டில், ஒவ்வொரு தோல்வியும் மருமகள் மாமியாருக்குச் செய்த துரோகமாகப் பதிவாயிற்று.

இதில் இன்னொரு சிக்கல், மடி. காலையில் குளித்து, உலர்த்திய மடிப்புடவை கட்டிக்கொண்டு என் மாமியார் அடுக்களைக்குள் போய்விட்டால், நைவேத்யம் ஆகும்வரை எதையும் தொடமாட்டார். போனுக்கு விழுப்பு உண்டா, அதாவது தொட்டால் மடி போய்விடுமா என்று எங்கள் வீட்டில் ஒரு சர்ச்சை நடந்தது. கண்ணாடிதானே, மூக்குக்கண்ணாடிக்கு இல்லாத விழுப்பு இதற்கு மட்டும் எப்படி வரும் என்று அவரே தனக்குச் சாதகமாக வாதாடிப் பார்த்தார். ஆனால் அவருடைய பிள்ளை, என் கணவர், கழிவறைக்குப் போனோடு போகிறவர். வழக்கு அத்தோடு தள்ளுபடி. அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தியையே அடுக்களை வாசலில் ஸ்பீக்கரில் போடச் சொல்லித்தான் கேட்டாராம்.

ஆட்டத்தில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், நேரம் ஆக ஆகத் திரும்ப வரும். ராத்திரி தூங்கி எழுந்தால் ஐந்தும் நிரம்பியிருக்கும், அதற்குமேல் சேராது. நிரம்பின தொட்டியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அத்தனையும் வீணாகிறதே என்று அவருக்கு அடித்துக்கொள்ளும். ஆகவே தினமும் காலை, ஆபீஸ் வண்டி வருவதற்கு முன்னால், நான் அடுக்களை வாசற்படிக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து உத்தரவிடுவார். மேலேர்ந்து மூணாவது தெற்றி, வலத்தோட்டு தள்ளு. அதில்லை, அதுக்கு அடுத்தது. என் மூளைக்கு அங்கே வேலை இல்லை. விரலை மட்டும் இரவல் கொடுத்திருந்தேன். கட்டம் கட்டியவளே தன் கட்டத்தில் தன் விரலால் தினம் தோற்கிற கண்கொள்ளாக் காட்சி வேறெந்தக் கம்பெனியிலும் நடந்திருக்காது.

தோல்வியைக்கூட அவர் பொறுத்தார். மற்ற கூத்துகளைப் பொறுக்கவில்லை. மூன்று பூ சேர்ந்ததும் ஒரு பெண் குரல் அற்புதம், பிரமாதம் என்று கூவும். "மூணு பூ சேர்ந்ததுக்கு எந்தினாடி இந்தப் பகளம்?" என்பார், எதற்கு இந்தக் கூச்சல் என்று. விளம்பரம் வந்தால் அதை மூடுகிற பெருக்கல்குறி எறும்பு அளவில் ஒரு மூலையில் இருக்கும். என் விரல் அதைத் தவறவிட்டால் யாரோ ஒருவனின் செருப்புக் கடை திறக்கும். தோற்றால் ஒரு அணில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அழும். அதற்கு என்ன நஷ்டம், அது ஏன் அழுகிறது என்று அவர் கேட்டதை நான் ஆபீசில் போய்ச் சொன்னேன். நல்ல கேள்வி என்றார்கள். ஒரு முழு மீட்டிங் போட்டு, அணிலின் கண்ணீரை இரண்டு துளியிலிருந்து ஒரு துளியாகக் குறைத்தார்கள். படித்த பிள்ளைகள், எஞ்சினியர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஒருநாள் காலை அவர் சொன்ன அரளியை இடப்பக்கம் தள்ளினேன். மூன்று மறைந்தது. மேலிருந்து விழுந்த மூன்றும் தாமாகவே சேர்ந்து மறைந்தன. அதற்கு மேல் விழுந்தவையும் அப்படியே. மூலைச் சந்துக்குள் வரவே வராத பூ, கூப்பிட்டு வைத்ததுபோல் வந்து இறங்கியது. நாலு கல்லும் உடைந்தன. அணில் குட்டிக்கரணம் போட்டது.

"அம்மா, ஜெயிச்சாச்சு" என்றேன்.

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படிவரை வந்து, இரண்டடி தள்ளி நின்று குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"நான் ஒண்ணுதானே தள்ளச் சொன்னேன்? பாக்கியெல்லாம் ஆரு பண்ணினா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஆபீசில் எத்தனை பேர் பொய் சொல்லிப் பார்த்துத் தோற்றிருப்பார்களோ, எனக்கு வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், சலித்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிடுவார். அதனால் மெஷின் இரக்கப்பட்டு, வேண்டிய பூக்களை மேலிருந்து தானே உதிர்க்கும். ஆடுகிறவருக்குத் தெரியாமல் உதிர்க்கும். அப்போதுதான் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு ஆடுவார்.

"மாடரேஷன்" என்றார் என் மாமியார். பாஸ் சதவீதம் கூடுவதற்காகப் பரீட்சையில் எல்லோருக்கும் தானமாகப் போடுகிற மார்க்குக்கு இங்கே அதுதான் பேர். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் நான் ஏதோ கைக்கூலி வாங்கியதுபோல் கூசிப்போனேன். அன்றைக்கு என் டிபன் டப்பாவில் தயிர்சாதம் இருந்தது, ஊறுகாய் இல்லை.

சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவர் தங்கையான சென்னைச் சித்தி பாஸானதும் இப்படித்தானா என்று. சித்தி தோற்ற தோல்விக்கு மெஷின் கண்ணீரே விட்டிருக்கும், நிச்சயம் இப்படித்தான் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு தட்டில் முறுக்கு வந்தது. அத்தோடு முடிந்ததென்று நினைத்து நான் கடித்தேன்.

"அவ பாஸானது அவ பாடு. என் பேப்பரை நானாக்கும் எழுதணும். எனக்கு மாத்திரம் அந்த மாடரேஷனை எடுத்துடு."

ஆபீசில் போய் இதைச் சொன்னபோது மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உதவி வேண்டும் என்று கேட்கிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். பரிசோதனைப் போன் என்பதால் அதை எடுப்பதற்கு வழி இருந்தது, எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் உங்கள் மாமியார் ஆட்டத்தைத் தூக்கி எறிவார், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று மலையாளத்தில் ஆசீர்வாதமும் செய்தார்.

அவர் தூக்கி எறியவில்லை. எண்பத்தேழு திறந்து கிடந்தும் அதைத் தொடாமல், அரியர்ஸ் வைத்தவர்போல் எண்பத்தாறையே மறுபடி மறுபடி எழுதினார். தினம் ஐந்து உயிரும் போயிற்று. ஆனால் ஒரு மாற்றம். முன்பெல்லாம் தோற்றால் என்னைத்தான் திட்டுவார், என் கம்பெனியை, என் படிப்பை, என்னைப் பெண் பார்த்துக் கொடுத்த தரகரை. இப்போது, "அங்கே தள்ளியிருக்கப்படாது, என் புத்தி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டு குதூகலமாகச் சட்னிக்குத் தாளித்தார். இத்தனை வருஷம் நாலாவது மாடியில் உட்கார்ந்து நாங்கள் புரிந்துகொள்ளாத விஷயம் இவ்வளவுதான். தன் கையால் தோற்றால் மனிதர் மறுபடி வருவார். நாங்கள் தோற்கடித்தால் திட்டுவார், நாங்கள் ஜெயிக்கவிட்டால் மானம் போகும். ஆபீசிலோ, உதவியே இல்லாத ஒரு போன் மட்டும் ஏன் இன்னும் ஆட்டத்தைவிட்டுப் போகவில்லை என்று படம் போட்டு ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். அணில்தான் காரணம் என்று ஒருவன் சொன்னான், எழுதிக்கொண்டார்கள்.

தங்கை வருகிற நாள் வந்துவிட்டது. கணவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அடுக்களையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே என் மாமியார் உத்தரவிட, வாசற்படியில் நின்று நான் தள்ளிக்கொண்டிருந்தேன். நாலு உயிர் போயாயிற்று. கடைசி உயிரில் மூன்று கல் உடைந்து, மூலைக் கல் ஒன்று பாக்கி. நகர்த்தலும் ஒன்று பாக்கி. நான் பார்த்துப் பார்த்துச் செய்த இடம்தான் அது, எத்தனை ஆயிரம் பேர் வயிறெரியப்போகிற இடமோ. இப்போது என் வயிறே எரிந்தது. இந்த மனுஷி ஜெயிக்க வேண்டுமே என்று எனக்கு மனம் தவித்தது, அதை எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

அவர் துருவுவதை நிறுத்திவிட்டு வாசற்படிக்கு வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. உன் விரல் எங்க போறது?"

"எங்கயும் போகலையேம்மா."

"போறது. கட்டம் கட்டினவ விரலாச்சே, அதுக்கு விடை தெரியும்."

பார்த்தேன். உண்மைதான். கோளாம்பியை இறக்கி உடைப்பது என்று நான் கட்டிய வழியை நோக்கி என் விரல் தானாகவே சாய்ந்திருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான், மகனுக்கு வேலை கிடைத்த செய்திக்கு நீளாத கை வாசற்படியைத் தாண்டி நீண்டது. மடிப்புடவையின் தலைப்பில் ஒரு துடை துடைத்து, என் கையில் இருந்த போனில் கட்டைவிரலை அழுத்தி, கோளாம்பியைத் தொடாமல், பக்கத்தில் நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்த நந்தியாவட்டையைப் பக்கவாட்டில் தள்ளினார். மூன்று நந்தியாவட்டை சேர்ந்தது. மூலைக் கல் உடைந்தது.

"மதி" என்றார். போதும் என்று அர்த்தம். அணிலை அவர் பார்க்கக்கூட இல்லை. கொடியிலிருந்து இன்னொரு மடிப்புடவையைக் கோலால் எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. சித்தி உள்ளே வந்ததும் வராததுமாக அக்கா எங்கே என்றார். குளிக்கிறார் என்றேன். இந்நேரத்துக்கா, இன்னும் மடி ஆகவில்லையா என்றார். ஆகியிருந்தது, போய்விட்டது என்றேன். சித்தி என் கையைப் பார்த்தார். போன் திரையில், எண்பத்தாறின்மேல், தேங்காய்த் துருவலோடு ஒரு கட்டைவிரல் அடையாளம். அதைத் துடைக்கலாம் என்று என் புடவைத் தலைப்பை எடுத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அடுத்த லெவலை ஆரும் தொடப்படாது. நைவேத்யம் ஆனதும் நான் வரேன்."