ஜெயமணியின் உள்பக்கம்

செய்தி ஒரு படமாக வந்தது. தாராவித் தெருமுனையில் கட்டியிருந்த பேனரை நம் வாசகர் ஒருவர் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். மாலை போட்ட புகைப்படம், கீழே கைகூப்பிய உறவினர் வரிசை, நடுவில் ‘செல்வி ஜெயமணி இறைவனடி சேர்ந்தார்’. தலை முழுக்க நரைத்த பெண்ணுக்குச் செல்வியாம்! எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். பிழை திருத்தியே பழகிய கண். அந்த ஒரு சொல்லை அடிக்கக் கை பரபரத்தது. ஆளே போய்விட்டார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆணை நேசிக்கும் ஆண்களுக்கும் பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கும் இந்த ஊரில் தமிழில் நாங்கள் ஒரு பத்திரிகை நடத்தினோம். நான்கு பக்கம். பெயர் ‘நம்ம வட்டாரம்’. ஜெயமணி தாராவியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவர். கடை வேலை முடிந்ததும் அதே மெஷினில் நம் பேப்பரை அடிப்பார். முன்பக்கத்தில் கோயில் கொடை விழா, மாட்டுங்கா பஜனை, ஞாயிற்றுக்கிழமை எந்த லைனில் ரயில் ஓடாது என்பது மாதிரியான சேதிகள். பின்பக்கத்தில் விளம்பரம். பிரித்தால் உள்ளே இரண்டு பக்கமும் நம்முடையவை. வாசகர் கடிதம், டாக்டர் பதில், கேள்வி கேட்காமல் இரண்டு பெண்களுக்கு ரூம் தரும் ஓனர் எங்கே இருக்கிறார் என்ற தகவல். வீட்டு மேஜையில் தைரியமாகப் போட்டு வைக்கலாம். அதனால் பத்திரிகையின் பெயரை யாரும் சொன்னதில்லை, ‘உள்பக்கம்’ என்றுதான் கூப்பிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், முன்பக்கத்துக்குத்தான் கிராக்கி. மாட்டுங்காவில் என் அம்மா, “ஏண்டா, இந்த மாசம் அந்தப் பேப்பர் வரலையோ? ராதா கல்யாண பஜனை எந்த ஹால்னு தெரியலையே” என்று என்னையே துளைப்பாள். ஒருமுறை தாராவிக் கோயில் கொடையின் தேதியை நாங்கள் தப்பாகப் போட்டுவிட, பெரியவர்கள் கூட்டமாகக் கடைக்கே வந்துவிட்டார்கள். ஜெயமணி பவ்யமாக மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, எனக்குப் போன் போட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆண்களைப் போல ‘வே’ போட்டுத்தான் பேசுவார். “உள்ள இவ்ளோ சங்கதி எழுதுதோம், ஒரு பய ஏன்னு கேக்கல. கொடை தேதி ஒரு நாள் தப்பிப்போச்சின்னு ஊரே தெரண்டு வந்துட்டு வே!”

நம்மில் யாராவது இறந்தால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். “குடும்பத்துக்காரன் ஒட்டுத போஸ்டர்ல யாரு பேரு இல்லையோ, நம்ம பேப்பர்ல அந்தப் பேருதான் மொதல்ல” என்பார். அச்சுக்குப் போகும் முன் அஞ்சலியை அந்தத் துணையிடம் நேரில் வாசித்துக் காட்டவும் வேண்டும். நெருளில் ஒருவர் இறந்தபோது நான் எழுதிக் கொடுத்த அஞ்சலியை எடுத்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் போனார். அங்கே துணையாக இருந்தவர் கேட்டுவிட்டு, நான் போட்டிருந்த ‘நண்பர்’ என்ற சொல் வேண்டாம், ‘எங்க வீட்டுக்காரர்’ என்று போடுங்கள் என்றாராம். பக்கம் முழுதும் கோத்து முடித்திருந்தது. ஜெயமணி முனகாமல் கலைத்துக் கோத்தார். என்னைப் பார்த்து, “நண்பராம்ல நண்பர்! உமக்குக் கை கூசுதோ?” என்று மட்டும் கேட்டார்.

நாம் குற்றவாளிகள் இல்லை என்று கோர்ட் சொன்ன பிறகு, நம் சேதியை முன்பக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டார். “இன்னும் யாருக்குவே பயந்து கெடக்கோம்?” என்று கேட்டார். பேசக் கூடியிருந்த நாங்கள் எல்லோரும் டீயை உறிஞ்சினோம். பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது, பத்திரிகை தானாக நின்றது. இப்போது நீங்கள் படிக்கும் இந்த ஒற்றைத் தாள் அவருக்காக மட்டும் அடிப்பது.

இனி சாவு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதவே கை கூசுகிறது.

ஜெயமணி வடாலாவில் பத்மாவோடு குடித்தனம் நடத்தினார். பத்மா செம்பூரில் புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பவர். எத்தனையோ வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே பாய். இறந்ததும் உடலைத் தம்பி முருகேசன் தாராவியில் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். நாம் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். கடைக்கு வரும் கஸ்டமர், ஆபீஸில் பழக்கம், ரயில் சிநேகிதம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டோம். பத்மா அண்டைவீட்டுப் பெண்களோடு உடலின் கால்மாட்டில், ஏணிப்படி ஓரம் நின்றிருந்தார். வாய்க்கரிசி போட உரிமைப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அப்போது முருகேசன் என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “சார், அந்தா நிக்காங்களே, அவங்க அக்காவுக்கு யாரு?” என்று கேட்டார்.

ஊர்ப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்மாவும் பார்த்தார். நான், “கூட வாடகைக்கு இருந்தவங்க” என்றேன்.

அவர் யார் என்று சொன்னால், அடுத்து நான் யார் என்ற கேள்வி வரும். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை. பத்மாவை யாரும் கூப்பிடவில்லை. பாடை தெருவைத் தாண்டியது. நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அங்கே நின்றீர்கள்.

வழக்கப்படி இதுவரை எழுதியதை வாசித்துக் காட்ட வடாலாவுக்குப் போனேன். பத்மா ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டார். என்னைத் திட்டுவார், துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

“அரே, நீ மட்டுமா?” என்றார். “நீ சொன்னதும் ஆமாம்னு நானும் தலையாட்டினேன் இல்ல? அவ கால்மாட்டுல நின்னுக்கிட்டு தலையாட்டினேன். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன், பத்மா.

கீழே இறங்கி வந்ததும் முருகேசனுக்குப் போன் செய்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு பத்மாவை முன்னால் உட்கார வைக்க வேண்டும், சண்டை போட்டாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். “அவங்க வாடகைக்கு இருந்தவங்க இல்ல. உங்க அக்காவோட துணை” என்றேன்.



“தெரியும் சார்” என்றார் முருகேசன். “அக்கா கொண்டாந்து போடுத பேப்பர உள்ளயும் பிரிச்சுப் படிச்சவன்தான் நான். பேனர் சொந்தக்காரப் பயலுவ அடிச்சது. நானாச் சொன்னா குடும்ப மானத்த வாங்குதான்னு எம்மேல பாய்வாங்க. நீங்க படிச்சவரு, வெளியாளு. சபையில வச்சு நீங்க சொன்னா, உடனே அவங்களக் கூப்பிட்டு அரிசியக் கையில குடுத்துரலாம்னுதான் சார் சத்தமாக் கேட்டேன்.”

காரியத்துக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். கூட்டிப் போவேன். ஆனால் வாய்க்கரிசி ஒருமுறைதான்.

ஜெயமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் சிரிப்பு இருக்கிறது, ‘வே’ இருக்கிறது, பழைய பேப்பர்கள் சில அலமாரியில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் காலப்போக்கில் மறந்துவிடலாம். மறக்க முடியாமல் என்னிடம் இருக்கப் போவது, பத்மாவுக்காக ஒரு தம்பி திறந்து வைத்த கதவும், அதைச் சாத்திய என் நாக்கும்தான்.