இன்னும் ஃபிட் இல்லை

இது என் அப்பா வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் மாமல்லபுரம் வந்து எல்லம்மாளைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரிகூட இல்லை. பொழுது விடிகிற நேரம். காக்கை கத்திக்கொண்டிருந்தது.

என் அப்பா பட்டாபி விமானப்படையில் டாக்டர். பறக்கப்போகும் பைலட்டுகளை விடியற்காலையில் வரிசையாக உட்காரவைத்துப் பரிசோதிப்பார். நாடி, ரத்த அழுத்தம், காது, மூக்கு. அவர் 'ஃபிட்' என்றால்தான் விமானம் ஏறலாம். வெறும் ஜலதோஷம் இருந்தாலே 'அன்ஃபிட்'. மூக்கடைத்தவனுக்கு உயரத்திலிருந்து இறங்கும்போது காதுக்குள் கத்தி சொருகின மாதிரி வலிக்கும், தலை சுற்றும். அதனால் பைலட்டுகள் டாக்டரிடம் முதலில் மறைக்கிற வியாதி ஜலதோஷம்தான். ஓய்வு பெற்று, செங்கல்பட்டில் சுகாதார ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தபோதும் அப்பா இதைத்தான் சொல்வார்.

"அவா வாயைப் பார்க்காதீங்கோ. மூக்கைப் பாருங்கோ. வாய் பொய் சொல்லும்."

என் தம்பி கிரிஷும் பைலட். வடக்கே ஒரு தளத்தில், வேறொரு டாக்டரிடம் ஜலதோஷத்தை மறைத்துவிட்டு ஏறினான்.

திரும்பி வரவில்லை.

அந்த வாரத்தோடு அப்பா வகுப்பை நிறுத்திவிட்டார். அம்மா முன்பே போய்விட்டாள். மாமல்லபுரத்துக் கடலோர வீட்டில் அப்பா மட்டும். நான் கூடுவாஞ்சேரியில். ஒரு நாள், வீட்டு வேலை செய்யும் எல்லம்மாள் போன் செய்தாள்.

"மீராம்மா, ஒரு நட வந்துட்டுப் போ. ஐயா சோறே துன்றதில்ல. விடிகாலைல ரூமுக்குள்ள யார்கூடவோ பேசிகினு கீறாரு."

"போன்லயா?"

"அவரு போன்லதான் நான் உன்னாண்ட பேசிகினு கீறேன். அது எப்பவும் அடுப்பாண்டதான் கெடக்குது."

அன்று சாயங்காலமே போனேன். மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து நனைந்துகொண்டே நடந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே தும்மல். அப்பா இளைத்துப் பாதியாகியிருந்தார். ஆனாலும் சிரித்தார்.

"மூக்கடைச்சிண்டுடுத்தா? அன்ஃபிட். உன்னை ஏத்த மாட்டேன், போ."

சாப்பிடும்போது கேட்டேன். "காலம்பற யாரோடப்பா பேசறே?"

"கிரிஷோட." ரசம் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "தினம் வரான். ஃபிட் குடு, கிளம்பறேங்கறான். மூக்கு இன்னும் சரியாகலையேடி... எப்படிக் குடுப்பேன்?"

எனக்குப் புரிந்தது. மூக்கு ஒரு சாக்கு. 'ஃபிட்' என்று சொல்லிவிட்டால் பிள்ளை போய்விடுவான்.

"போதும்ப்பா. அவனை அனுப்பிடு. நீ எனக்கு வேணும். என்னோட வந்துடு."

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"சரி. நாளைக்குச் சொல்லிடறேன்."

கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. வாசலில் எல்லம்மாள் பெருக்குகிற சத்தம். அப்பாவின் அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே...

கர்ரக்...

ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைப் பிரிக்கிற சத்தம்.

புஸ்... புஸ்... புஸ்...

"மூக்கைப் பிடிச்சிண்டு ஊது." அப்பா குரல். "ம்... காது திறந்துடுத்து. ஃபிட்."

எனக்கு அழுகை வந்தது. சொன்னபடி செய்துவிட்டார்.

பிறகு இன்னொரு குரல்.

"இப்ப உன் கையை நீட்டுப்பா."

கிரிஷ்.

புஸ்... புஸ்...

"ஃபிட். போலாமா?"

கதவை இடித்தேன். "கிரிஷ்! அப்பாவை விட்டுடுடா! எனக்கு யாருடா இருக்கா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

கதவுக்கு மறுபக்கம்... மிக அருகில்... சிரிப்பு கலந்து...

"உனக்கு மூக்கடைச்சிருக்குக்கா. அன்ஃபிட்."

தாழ்ப்பாள் தானாக விலகியது.

நாற்காலியில் அப்பா. கையில் பட்டை.

தொட்டேன்.

சில்லென்று... விறைத்து...

எதிர் நாற்காலியில் ஸ்டெதஸ்கோப். காதில் வைக்கிற முனை மட்டும்...

இளஞ்சூடாக இருந்தது.

வந்து பார்த்த டாக்டர், "உயிர் போய் ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும்மா" என்றார். அப்படியானால் விடியலில் நான் கேட்டது?

எல்லம்மாள் காரியமெல்லாம் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஐயாவும் தம்பியும் கை கோத்துகினு கடலாண்ட போனாங்கம்மா. கண்ணால பாத்தேன். மீராம்மா வரலியான்னு என்னியும் அறியாம கேட்டுட்டேன். 'அவளுக்கு சளி. வுட்டதும் வந்து பாக்கறோம்'னு தம்பி சொல்லிச்சு."

அந்த ஜலதோஷம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை, கஷாயம், ஆவி... எதற்கும் அடங்கவில்லை.

நேற்று விட்டுவிட்டது. மூச்சு தாராளமாகப் போய் வருகிறது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கதவைத் தாழிடவில்லை.