மேசனின் தண்ணீர்ப் பம்ப்

மதில் கட்ட முற்பணம் வாங்கிய மேசன் வேலைக்கு வரவுமில்லை, காசைத் திருப்பித் தரவுமில்லை. வழக்கில் எனக்குச் சார்பாகத் தீர்ப்பானது. அவனுடைய பொருட்களைப் பறிமுதல் செய்ய, நீதிமன்ற உத்தியோகத்தரோடு உடுவிலில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன்.

“பறிமுதல் பட்டியலில் எதை எழுத, ஐயா? நீங்கள்தான் காட்டவேணும்,” என்றார் அவர்.

வீட்டில் நான்கு கதிரைகள்; இரண்டுக்குக் கால் சரியில்லை. மேசனே எனக்குக் கிணற்றடியைக் காட்டினான்.

“உந்தப் பம்பை எழுதுங்கோ, மாஸ்டர். மற்றதொண்டும் காசு பெறாது.”

பம்புக்கு அப்பால் வெங்காயம். பதினேழு பாத்திகள். கிண்டி எடுக்க இன்னும் ஒரு மாதமாகும். தண்ணீர் நின்றால் அவ்வளவும் கருகிவிடும்.

“வெங்காயத்தைக் கிண்டி விக்கட்டும். காசு வாங்கப் பிறகு வாறம்,” என்றேன்.

“அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” என்று உத்தியோகத்தர் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் சைக்கிளில் போய்ப் பாத்திகளை எண்ணிவிட்டு வருகிறேன். வானம் இருண்டால், வெங்காயம் அழுகிவிடுமோ என்று அவனைவிட எனக்குத்தான் பதற்றம்.